வீட்டில் கிடக்கும் பொருட்களில் பிள்ளைகளோடு கைவேலை: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் எங்கள் மொட்டை மாடியில் வார இறுதிகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடி வெட்டி, ஒட்டி, கட்டி விளையாடுவது வழக்கம். அதைப் பார்க்க வருகிற பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு, ராணிப்பேட்டை என்று நம் பழைய வட ஆற்காட்டு வீடுகளில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

தொடங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும்?

முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று, கால் கிலோ மைதா, ஒரு கண்டு பூக்கட்டும் நூல். இவ்வளவு போதும். மினுமினுப்புத் தூள், வண்ண ஸ்பாஞ்ச் தாள், பசைத் துப்பாக்கி எதுவும் வேண்டாம். பழைய பொருளில் ஒன்றைச் செய்வதற்காகப் புதிய பொருள் வாங்கினால் நோக்கமே கெட்டுவிடுகிறது.

அட்டைப்பெட்டி நிறைய வேண்டுமென்றால் லாங் பஜார் பக்கத்துக் கடைகளில் கேட்கலாம். ஆனால் அந்த அட்டையை எடைக்குப் போட்டுத்தான் சிலருக்கு அன்றாடச் செலவு நடக்கிறது. சும்மா வாங்கி வராமல் அதற்குரிய காசைக் கொடுத்துவிடுங்கள்.

எதைச் சேர்த்து வைக்கலாம், எதை எடைக்கே போட்டுவிடலாம்?

என் அளவுகோல் ஒன்றுதான்: விளையாடி முடித்தபின் அது எங்கே போகும்?

பால் பாக்கெட் உறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே வகைப் பிளாஸ்டிக். கழுவிக் காயவைத்துப் போட்டால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள், மறுபடியும் உருக்கப்படும். அதைப் பூவாக வெட்டி, கம்பியில் சுற்றி, பசை தடவி, மினுக்குத் தூவினால் பிறகு யாரும் வாங்கமாட்டார்கள். நேரே குப்பைமேட்டுக்குத்தான் போகும். நல்ல வழியில் போய்க்கொண்டிருந்த பொருளை நாமே வழிமறித்துவிட்டோம் என்று அர்த்தம். பாட்டில் பூந்தொட்டி, பால் கவர் மாலை போன்றவற்றை நான் ஊக்குவிப்பதில்லை, காரணம் இதுதான்.

சிப்ஸ், பிஸ்கட் உறைகள் வேறு வகை. உள்ளே வெள்ளிபோல் மின்னும் அந்த உறை பல அடுக்குகள் ஒட்டியது. பிரிக்க முடியாது, எடைக்கும் எடுக்கமாட்டார்கள். எப்படியும் குப்பைதான் என்பதால் அதைத் தாராளமாகக் கைவேலைக்கு எடுக்கலாம். அதேபோல் தீப்பெட்டி, முட்டை அட்டை, தேங்காய் ஓடு, கிழிந்த லுங்கி, பருத்திப் புடவை, அறுந்த வளையல் கயிறு, தீர்ந்த பேனா, தையற்கடை வெட்டுத்துணி, நூல் சுற்றிவந்த கூம்பு அட்டை எல்லாம் நல்ல சரக்கு.

கூடியவரை ஒட்டாமல் கட்டச் சொல்லுங்கள். நூலால் கட்டியதை அவிழ்க்கலாம். அட்டை அட்டையாகவும் மூடி மூடியாகவும் திரும்பக் கிடைக்கும்.

எதைத் தொடவே கூடாது?

நம் ஊர் ஆஸ்பத்திரி ஊர். பல வீடுகளில் சிரிஞ்சும் குளுக்கோஸ் பாட்டிலும் ஊசிமருந்துக் குப்பியும் சாதாரணமாகக் கிடக்கின்றன. நீர் அழுத்தத்தில் இயங்கும் பொம்மைகளுக்குச் சிரிஞ்சு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மருந்துக் கடையில் புதிதாக வாங்கிக் கொடுங்கள். யாருக்கோ போட்டது, ஊசியைக் கழற்றியிருந்தாலும், வெந்நீரில் போட்டிருந்தாலும், வேண்டவே வேண்டாம்.

பூச்சிமருந்து டப்பா, பெயின்ட் டப்பா, பழைய பேட்டரி, உடைந்த டியூப்லைட், சுருள் விளக்கு (சி.எஃப்.எல்.) ஆகியவையும் கூடாது. அந்த விளக்குகளுக்குள் பாதரசம் இருக்கிறது. தீபாவளி மறுநாள் தெருவில் வெடிக்காமல் கிடக்கும் பட்டாசைப் பிள்ளைகள் குழாய்க்கும் குச்சிக்கும் பொறுக்கி வருவார்கள். அன்று மட்டும் பைகளைச் சோதித்துப் பாருங்கள். தெர்மாகோலைச் சூடான கம்பியால் அறுப்பது, பிளாஸ்டிக்கை மெழுகுவத்தியில் காட்டி வளைப்பது இரண்டும் வேண்டாம். அந்தப் புகை நச்சு.

தீப்பெட்டி எடுக்கும்போது குச்சி ஒன்றுகூட உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு, உரசும் பக்கத்தின் மேல் காகிதம் ஒட்டிவிடுங்கள்.

கடைப் பசை வாங்கவா, வீட்டிலேயே காய்ச்சவா?

காகிதத்துக்கும் அட்டைக்கும் வீட்டுப் பசையே சிறந்தது. ஒரு பங்கு மைதாவை நாலைந்து பங்கு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதன்பிறகே அடுப்பில் வைக்க வேண்டும். சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை மாவு மெல்லக் கண்ணாடிப் பதத்துக்கு வரும். கரண்டியிலிருந்து தடித்து விழும்போது இறக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள். வேலூர் மே மாதத்தில் வெளியே வைத்தால் மறுநாளே புளித்துவிடும். அன்றன்றைக்குக் காய்ச்சுவது நல்லது. அவசரத்துக்குக் குழைந்த சோறே போதும். நம் தாத்தாக்கள் பட்டம் ஒட்டியது அதில்தான்.

ஒரு எச்சரிக்கை. சுவரொட்டி ஒட்டுபவர்களும் புத்தகம் பைண்டு செய்பவர்களும் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. நீலமாக அழகாக இருக்கும், ஆனால் விஷம். பிள்ளைகள் விரலை நக்குவார்கள். தெரிந்தவர் அன்பாகக் கொடுத்தாலும் அந்தப் பசையை வாங்காதீர்கள்.

பாட்டி காலத்தில் காகிதத்தில் கூடை செய்வார்களாமே, அது எப்படி?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு உற்சாகமாகிவிடும். வெந்தயமும் பழைய காகிதமும் சேர்த்து அரைத்துக் கூடையும் தட்டும் செய்வது நம் வீடுகளில் இருந்த வேலை. முறத்தின் ஓட்டைகளை அடைக்கவும் இதே கூழைப் பூசுவார்கள். செலவே இல்லை, கழிவும் இல்லை, முழுக்க மண்ணுக்குப் போகக்கூடியது.

செய்தித்தாளை விரல் நீளத் துண்டுகளாகக் கிழிக்க வேண்டும். இந்த வேலைக்கு மூன்று வயதுப் பிள்ளையைவிடச் சிறந்த ஆள் கிடையாது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறட்டும். நடுவில் இரண்டு முறை தண்ணீரை மாற்றினால் மை ஓரளவு போகும். வேறு பாத்திரத்தில் வெந்தயத்தை ஊறவையுங்கள். அரைக் கிலோ காகிதத்துக்கு ஒரு பெரிய கைப்பிடி. காலையில் காகிதத்தைப் பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லிலோ கிரைண்டரிலோ அரைக்க வேண்டும். மிக்சியில் அரைப்பதென்றால் நிறையத் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், இல்லையென்றால் மோட்டார் சூடாகிவிடும். வெந்தயத்தின் கொழகொழப்புதான் பசை. அதன் கசப்புக்குப் பூச்சியும் அண்டாது என்பார்கள்.

பதம் பார்ப்பது எப்படி? ஒரு உருண்டை பிடித்து உள்ளங்கையில் வைத்து அழுத்துங்கள். விளிம்பு வெடிக்காமல் அகலமாக விரிந்தால் பதம் சரி. வெடித்தால் இன்னும் அரைபட வேண்டும். விரல் இடுக்கில் நீர் ஒழுகினால் துணியில் கட்டித் தொங்கவிட்டு வடியவிட வேண்டும்.

ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே நனைத்த பழைய துணியைப் போர்த்தி, கூழைச் சுண்டுவிரல் பாதிக் கனத்துக்குத் தட்டிக்கொண்டே வாருங்கள். அடிப்பாகத்தில் தொடங்கி விளிம்பு நோக்கி வர வேண்டும். எங்கும் கனம் ஒன்றுபோல் இருந்தால்தான் காயும்போது கோணாது. பெரும்பாலோர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். நம் ஊர் வெயிலை நம்பி உச்சிப்பொழுதில் மாடியில் வைத்துவிடுகிறார்கள். மேற்பரப்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், அதனால் நடுவில் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் நாள் காற்றோட்டமான நிழல். கிண்ணத்திலிருந்து கழன்ற பிறகு வெயில். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம், பூஞ்சை பிடித்துவிடும்.

காய்ந்த கூடையில் பூண்டு, வெங்காயம், நூல்கண்டு, சில்லறை எதையும் வைக்கலாம். முறுக்கையோ வடையையோ நேரடியாக வைக்காதீர்கள். அச்சு மை உணவில் ஏறக்கூடாது. செய்தித்தாளில் தின்பண்டம் பொதிவதை எதிர்த்து உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலேயே எச்சரித்திருக்கிறது.

எந்த வயதுக்கு என்ன வேலை?

கிழிப்பது, பிசைவது, நனைப்பது மூன்று வயதிலேயே வரும். கத்தரிக்கோல் நாலு, ஐந்தில். முடிச்சுப் போடுவதும் பின்னுவதும் ஆறு, ஏழு வயதில் படியும். தடித்த அட்டையைக் கத்தியால் அறுப்பது பத்து வயதுக்கு மேல், இரும்பு ஸ்கேலோடு, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் மணி, பொத்தான், பாட்டில் மூடி, பட்டன் பேட்டரி எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. வாய்க்குள் போகக்கூடியது தொண்டையிலும் அடைக்கும்.

தறி நெய்வதைப் பார்த்துவிட்டு என் மகள் தானும் நெய்ய வேண்டும் என்கிறாள். அட்டையில் முடியுமா?

முடியும். குடியாத்தம் லுங்கிக்கும் ஆரணி பட்டுக்கும் பெயர் பெற்ற நம் பக்கத்தில் இதைச் செய்யாமல் விடுவது பாவம்.

ஒரு சாண் நீளமுள்ள கெட்டி அட்டையில் மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டுக் கொடுங்கள். அந்த வெட்டுகளில் பூக்கட்டும் நூலை மேலும் கீழுமாக இழுத்துச் சுற்றினால் அதுதான் பாவு. கிழிந்த லுங்கியை இரண்டு விரல் அகல நாடாவாகக் கிழித்தால் அது ஊடை. ஒரு நூலுக்கு மேல், ஒரு நூலுக்குக் கீழ். அடுத்த வரிசையில் மாற்றி. எத்தனை வண்ணம் கிடைக்கிறதோ அத்தனையும் போடலாம். லுங்கிக் கட்டத்தைக் கிழிக்கும்போது வரும் நாடா, வரிசைக்கு வரிசை நிறம் மாறித் தானாகவே ஒரு கோலம் போடும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும் சிக்கல் ஒன்றே: நெய்ய நெய்ய நடுவில் இடுப்புபோல் ஒடுங்கிக்கொண்டே போகும். நாடாவை இறுக்கி இழுப்பதால் வருவது. நாடாவை நேராகப் போடாமல் வில்போல் வளைத்துப் போட்டு, பிறகு பழைய சீப்பால் கீழே தட்டச் சொல்லுங்கள். வளைவில் இருக்கும் கூடுதல் நீளம் ஒவ்வொரு நூலையும் சுற்றிக்கொள்ளும், ஓரம் நேராக நிற்கும். இதைக் கண்டுகொண்ட பிள்ளை நெசவாளியிடம் போய் நிற்கும்போது வேறு கண்ணோடு பார்க்கும்.

முடிந்ததும் அட்டையை மடக்கி உருவினால் துணி வந்துவிடும். பொம்மைக்குப் பாய், டம்ளர் வைக்க விரிப்பு, எதற்கும் ஆகும்.

ஊரில் பாரதக் கூத்து பார்த்ததிலிருந்து பையன் துரியோதனன் கிரீடம் கேட்கிறான்.

கொடுத்துவைத்த பையன். விடிய விடியக் கட்டைக்கூத்து பார்க்கக் கிடைக்கும் மண் நம்முடையது. அந்தக் கலைஞர்கள் அணியும் கிரீடமும் புஜங்களில் நிற்கும் கட்டையும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடிச் சில்லு பதித்தவை. விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சில்லுகள் மின்னுவதுதான் அவன் மனத்தில் நிற்கிறது.

மரத்துக்குப் பதில் அட்டை. தலையைச் சுற்றி ஒரு பட்டை அளந்து, முன்னால் எழும்பும் முகப்பைத் தனியாக வெட்டிப் பட்டையோடு நூலால் தையுங்கள். அட்டையின் வரிகள் நெடுக்காக ஓடும்படி வெட்டினால் முகப்பு சாயாது, படுக்கையாக ஓடினால் பாதியில் மடிந்துவிடும். கண்ணாடிச் சில்லுக்குச் சிப்ஸ் உறையின் உட்பக்கம். அதைக் கழுவித் துடைத்து, சின்னச் சின்ன வட்டமாகவும் சாய்சதுரமாகவும் வெட்டி ஒட்டுங்கள். அட்டைமேல் கறுப்போ சிவப்போ பூசிவிட்டு ஒட்டினால் மின்னல் இரட்டிப்பாகத் தெரியும். கறுப்புக்கு அடுப்புக்கரியும் பசையும், சிவப்புக்குக் காவிக்கட்டி. அடுத்த கூத்துக்கு அழைத்துப் போகும்போது ஒப்பனை நடக்கும் இடத்தில் அனுமதி கேட்டு ஒரு நிமிடம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கட்டையை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து அவனே திருத்துவான்.

ஓடுகிற பொம்மை ஏதாவது?

எருது விடும் விழாக் காலத்தில் எங்கள் மாடியில் ஓடுவது தீப்பெட்டிக் காளை. தீப்பெட்டி உடம்பு, அட்டையில் தலையும் கொம்பும், கொம்பில் துணி நாடா. கீழே நாலு பாட்டில் மூடிச் சக்கரம். அச்சுக்குத் தீர்ந்த பேனாவின் குழாயை அறுத்து, அதற்குள் கழுவிய ரீஃபில்லையோ மெல்லிய மூங்கில் குச்சியையோ விடுங்கள். குழாய் வண்டியோடு நிற்கும், உள்ளே இருப்பது சக்கரத்தோடு சுற்றும்.

சக்கரம் தள்ளாடினால் ஓட்டை நடுவில் இல்லை. நடுவைக் கண்டுபிடிக்க அளவுகோலே வேண்டாம். மூடியைக் காகிதத்தில் வைத்து வட்டம் வரைந்து வெட்டி, நாலாக மடித்துப் பிரித்தால் இரண்டு மடிப்பும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் நடு. அந்தக் காகிதத்தை மூடிமேல் வைத்துக் குத்துங்கள். குத்தும் வேலை பெரியவருடையது.

கல்யாணப் பத்திரிகையை வெட்டலாமா? சாமி படம் இருக்கிறதே.

கெட்டித் தாளும் பொன்னிற அச்சும் கொண்ட பத்திரிகையைவிட நல்ல சரக்கு வீட்டில் கிடையாது. சாமி படத்தை முதலில் முழுதாக வெட்டி எடுத்துப் பெரியவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். மீதியை வெட்டலாம். பெயர், முகவரி, தொலைபேசி எண் உள்ள பகுதியை உள்பக்கமாக மடித்துவிடுவதும் மரியாதை.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டு நிறையக் கிடைக்கிறது. பிள்ளைகளிடம் கொடுக்கலாமா?

செருப்பு, பை தைக்கும் இடத்தில் மிஞ்சும், பதனிட்டு முடித்த தோலின் துண்டுகளைக் கொடுக்கலாம். நாம் காலில் போடுகிற அதே தோல்தான். புத்தக அடையாளம், சாவிக் கொத்து, சில்லறைப் பை நன்றாக வரும். பதனிடும் இடத்திலிருந்து வரும் சீவலும் தூளும் கூடாது. எந்தத் தோலையும் எரிக்கக் கூடாது. குரோமியம் கொண்டு பதனிட்ட தோல் எரியும்போது அந்தக் குரோமியம் இன்னும் கொடிய வடிவத்துக்கு மாறக்கூடும். குளிருக்கு மூட்டும் நெருப்பிலும் போடாதீர்கள்.

பள்ளியில் கழிவுப்பொருள் போட்டி வைத்திருக்கிறார்கள். நாளைக்கே கொண்டுபோக வேண்டும். நாங்கள் செய்து கொடுத்துவிடலாமா?

வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இரவு பத்து மணிக்கு அம்மா தெர்மாகோல் அறுக்க, அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓட, பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். காலையில் அது பரிசு வாங்குகிறது. பிள்ளைக்குத் தெரியும், அது தன் வேலை இல்லை என்று. அடுத்த முறை தானே செய்யும் எண்ணமே அதற்கு வராது.

கோணலாக நிற்கும் காளை, ஒரு கண் பெரிதாக இருக்கும் முகமூடி, அவற்றை அப்படியே கொண்டுபோகட்டும். ஆசிரியர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: வீட்டில் செய்யச் சொல்லாதீர்கள். வகுப்பறையில் நடுவில் ஒரு மூட்டை அட்டையும் துணியும் கொட்டி, ஒரு மணி நேரம் கொடுங்கள். யார் கை எது என்று உடனே தெரியும்.

குப்பையை வீட்டில் சேர்க்கிறீர்கள், கொசுவும் பூச்சியும் வரும் என்று மாமியார் சொல்கிறார்.

அவர் சொல்வது நியாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தேங்காய் ஓட்டில், மூடியில் தேங்கும் ஒரு கரண்டி நீர் போதும். ஒரு வாரம் பத்து நாளில் அது பறக்கத் தொடங்கிவிடும். அதனால் சேர்ப்பதெல்லாம் கூரைக்குக் கீழே, கவிழ்த்து, கழுவி உலர்த்தி. ஒரே ஒரு பெட்டி; அது நிறைந்தால் பாதியை எடைக்குப் போட்டபிறகே புதிதாகச் சேர்க்க வேண்டும். மலையடிவாரத்தில் வீடு உள்ளவர்கள் அட்டையை எடுக்கும்போது தட்டிவிட்டு எடுங்கள், தேளும் பூரானும் அடியில் ஒதுங்கும்.

செய்து முடித்ததையெல்லாம் எங்கே வைப்பது?

வைக்கவே வேண்டாம். அலமாரியில் வைத்தால் தூசி படியும். விளையாடட்டும், உடையட்டும். பிள்ளை மறந்துவிட்டது என்று தெரிந்தபின், அதன் கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். வெந்நீரில் ஊறவைத்தால் மைதாப் பசை இளகி அட்டை தனியே வந்துவிடும். பிரிப்பதும் பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டுத்தான். கேட்காமல் தூக்கிப் போடுவது மட்டும் கூடாது.

மூன்று வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். சேர்ந்து உட்காரவே முடியவில்லை, சின்னவள் எல்லாவற்றையும் பிடுங்குகிறாள்.

பெரியவனை மேசைமேல் உட்காரவையுங்கள், சின்னவளைத் தரையில் பாய்மேல். அவளுக்கு ஒரு தட்டில் கிழிக்கக் காகிதம், ஒரு கிண்ணத்தில் நீர்த்த பசை, ஒரு முழு அட்டை. அவள் கிழித்துப் போடுகிற துண்டுகளையே பெரியவன் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளட்டும். தன்னிடமிருந்து அண்ணன் கேட்டு வாங்குகிறான் என்றால் பிடுங்குவது தானே குறையும். அரை மணி நேரத்தில் சின்னவள் எழுந்து போய்விடுவாள். அவளுடைய தட்டை மட்டும் அங்கேயே விட்டுவையுங்கள், திரும்பி வருவாள்.